நோட்டுப் புத்தகமும் ஓவியப் போட்டியும்

2007 டிசம்பரில் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ என்ற இந்தித் திரைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருக்கலாம். ஆமிர்கான் இயக்கி நடித்தது. கதை அமோல் குப்தேயுடையது. படிக்கவும் எழுதவும் திணறும் இஷான் என்ற சிறுவன் மூன்றாம் வகுப்பிலேயே இரண்டாம் ஆண்டாக உட்கார்ந்திருக்கிறான். சோம்பேறி, அடங்காதவன் என்று பெயர் எடுத்து, விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறான். அங்கே தற்காலிகமாக வேலைக்கு வரும் ஓவிய ஆசிரியர் நிகும்ப், அவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு என்று கண்டுகொள்கிறார். கற்றல் குறைபாட்டைப் பற்றி நம் நாட்டில் பேச்சு எழுந்தால் இப்படமும் கூடவே நினைவுக்கு வருகிறது. ஆகவே அது சொல்லும் அறிவியல் எவ்வளவு சரி என்று பார்ப்பது பயனுள்ளது.

படத்தின் சிறந்த காட்சி எது என்று கேட்டால், இறுதியில் வரும் ஓவியப் போட்டியைப் பலர் சொல்வார்கள். எனக்கோ, நிகும்ப் சிறுவனின் நோட்டுப் புத்தகங்களைப் பெற்றோர் முன் விரித்துவைத்து விளக்கும் காட்சிதான் பெரிது. ஒரே சொல் ஒரே பக்கத்தில் பல விதமாக எழுதப்பட்டிருக்கிறது. சில எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நிற்கின்றன. சொற்கள் மாறினாலும் பிழைகளின் வகை மாறவில்லை என்பதை அவர் கவனிக்கிறார். தந்தையிடம் ஜப்பானிய எழுத்துள்ள ஒரு பெட்டியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, முடியாதபோது அதட்டுகிறார். அந்த அதட்டல் எவ்வளவு அர்த்தமற்றது என்பது தந்தைக்கு உடனே உறைத்துவிடுகிறது.

வெர்னியர் அளவியைக் கையாண்ட மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கவனக்குறைவால் வரும் பிழை ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும். பல முறை அளந்து சராசரி எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சுழிப்பிழை அப்படியன்று. நூறு முறை அளந்தாலும் அது கூடவே வரும். ‘இன்னும் கவனமாகப் பார்’ என்று மாணவனை விரட்டுவதால் அது போகாது. பிழை என்ன வகை என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ற திருத்தம் செய்கிறோம் அல்லவா? நிகும்ப் செய்வதும் அதுவே. மணலில் எழுதவைக்கிறார், களிமண்ணில் எழுத்துகளைப் பிசையவைக்கிறார், கணக்கைப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கிப் போடவைக்கிறார்.

ஆனால் குறைபாட்டின் காரணத்தைக் காட்டுமிடத்தில் படம் தடுமாறுகிறது. எழுத்துகள் ‘நடனமாடுகின்றன’ என்கிறான் இஷான், திரையிலும் ஆடுகின்றன. டிஸ்லெக்சியா கண்ணின் கோளாறு என்ற எண்ணம் இதனால் பரவிவிடும். இன்றைய ஆய்வுகளின்படி பெரும்பாலோரிடம் சிக்கல் இருப்பது, சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து எழுத்துகளோடு பொருத்துவதில்தான். எழுத்தைத் திருப்பி எழுதுவது புதிதாக எழுதக் கற்கும் எல்லாக் குழந்தைகளிடமும் உண்டு. மேலும், படத்தில் வரும் பிழைகளில் பல ஆங்கிலத்துக்கு உரியவை. தமிழில் வேறு இடத்தில் தேடவேண்டும். ‘கொ’ என்னும் எழுத்தில் உயிர்க்குறி மெய்க்கு முன்னும் பின்னும் நிற்கிறது. ஒலியோ பின்னால் மட்டுமே வருகிறது. இத்தாலியம், ஜெர்மன் போன்று எழுத்தும் ஒலியும் நெருங்கிப் பொருந்தும் மொழிகளில் இக்குறைபாடு பிழையாக வெளிப்படுவதைவிட மிக மெதுவான வாசிப்பாகவே வெளிப்படுகிறது. பிழையை மட்டும் எண்ணும் ஆசிரியரின் கண்ணுக்கு அது தப்பிவிடலாம்.

இன்னொரு காட்சி. இந்தி வகுப்பில் ஒரு கவிதைக்கு இஷான் தன் சொற்களில் பொருள் சொல்கிறான். ஆசிரியர் அதை ஏற்கவில்லை. உரையை ஒப்பித்தவன் பாராட்டுப் பெறுகிறான். காதால் கேட்டதைப் புரிந்துகொள்ளும் திறன் குறையவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் 14 வயது மாணவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். தன் பெயரிலேயே எழுத்துகளை இடம் மாற்றி எழுதிய அவன், 749-ஐ 867-ஆல் விரைவாகவும் சரியாகவும் பெருக்கினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்றாராம் அவனுடைய ஆசிரியர்.

அடுத்து, நிகும்ப் வகுப்பில் அடுக்கும் பெரியோர் பட்டியல். அதில் ஐன்ஸ்டைனும் இருக்கிறார். அவருக்கு டிஸ்லெக்சியா இருந்ததற்குத் தக்க ஆதாரமில்லை. 1896-இல் ஸ்விட்சர்லாந்தின் ஆராவ் பள்ளியில் இயற்பியலுக்கு அவர் வாங்கியது 6-க்கு 6. (இஷான் பூமியை ஒன்பதாம் கோளான புளூட்டோவின் மேல் மோதவிட்டு 3 × 9 = 3 என்று விடை எழுதும் கற்பனை அழகானது. படம் வருவதற்கு முந்தைய ஆண்டே புளூட்டோ கோள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்பது வேறு விஷயம்.) மேதைகளின் பட்டியலையும் ஓவியப் பரிசையும் சேர்த்துப் பார்த்தால், இக்குறைபாடு உள்ள குழந்தைக்கு ஏதேனும் அரிய திறமை இருந்தே தீரும் என்று தோன்றிவிடுகிறது. அப்படி ஒரு விதியில்லை. படம் வரையவும் வராத குழந்தைக்கும் வாசிக்கக் கற்றுத்தர வேண்டியவர்கள் நாம்தானே!

இஷானின் தோழன் ராஜன் ஊன்றுகோலுடன் நடப்பவன். பள்ளி அவனை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவனுடைய குறை கண்ணுக்குத் தெரிகிறது. அன்றைய சட்டமும் அந்தப் பள்ளியைப் போலத்தான் இருந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிட்ட 7 ஊனங்களில் கற்றல் குறைபாடு இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் அது இடம்பெற்றது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் எழுத்தர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கும் வழி பிறந்தது. நிகும்ப் தலைமையாசிரியரிடம் கெஞ்சிப் பெறும் வாய்மொழித் தேர்வைப் போன்ற சலுகைகளை இன்று உரிமையாகக் கேட்கலாம்.

ஆயினும் நிகும்ப் தனி ஆள். தாமே சிறுவயதில் இக்குறையால் அவதிப்பட்டவர். அந்த அனுபவம் இல்லாத ஆசிரியர் என்ன செய்வது? இஷானை எல்லார் முன்னும் எழுப்பிப் படிக்கச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வினாவை ஒரு முறை வாசித்துக் காட்டியிருக்கலாம். ஐயம் எழுந்ததும் கண், காது சோதனைக்கும், பிறகு பயிற்சி பெற்ற வல்லுநரிடமும் அனுப்பச் சொல்லியிருக்கலாம். நோட்டுப் புத்தகம் ஐயத்தைத்தான் எழுப்பும். தீர்ப்புச் சொல்ல அது போதாது. படத்தின் கடைசியில் மற்ற ஆசிரியர்கள் இஷானைப் புகழ்கிறார்கள். ஆனால் கணக்கு ஆசிரியரும் இந்தி ஆசிரியரும் தத்தம் பாடவேளையில் எதை மாற்றிக்கொண்டார்கள்? இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் அதற்கு ஒரு காட்சிகூட இல்லை.