மூடப்பட்ட தோட்டமும் மூடியவரும்: செயப்பாட்டுவினைத் தொடரின் பொருள் குறித்து

ஸ்கூடாய் வட்டாரத் தமிழாசிரியர் சிலரோடு அமர்ந்து மாணவர் கட்டுரைகளைப் பார்வையிட நேர்ந்தபோது, ஐந்தாம் படிவ மாணவி ஒருவர் தம் குடும்பம் முன்பு வாழ்ந்த தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்த பத்தியொன்று நம் கைக்கு வந்தது. “தோட்டம் மூடப்பட்டது. மக்கள் வெளியேற்றப்பட்டனர். லயங்கள் இடிக்கப்பட்டன. அங்கே தாமான் கட்டப்பட்டது.” நான்கு தொடர்கள், நான்கிலும் எழுவாயும் பயனிலையும் திணை, பால், எண் ஆகியவற்றில் பிழையின்றி இயைகின்றன. திருத்திய ஆசிரியர் ‘தாமான்’ என்னும் மலாய்ச் சொல்லின்கீழ்க் கோடிட்டு ‘வீடமைப்புப் பகுதி’ என்று எழுதியிருந்தார். வேறு திருத்தம் எதுவுமில்லை. தோட்டத்தை மூடியவர், மக்களை வெளியேற்றியவர், லயங்களை இடித்தவர் என ஒருவர்கூட அப்பத்தியில் இல்லை என்பதை அவர் குறிக்கவில்லை. முதல் வாசிப்பில் நாமும் குறிக்கவில்லை.

வீட்டில் இதனை எவ்வாறு பேசுவார்கள் என்று அம்மாணவியிடம் கேட்டோம். பாட்டி சொல்வதை அவர் அப்படியே சொன்னார்: “தோட்டத்த மூடிட்டாங்க. எல்லாரையும் கெளப்பிட்டாங்க. லயத்த இடிச்சிட்டுத் தாமான் கட்டிட்டாங்க.” இதனைப் பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள வேறுபாடு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின் ஒலியைத் திருத்தி, “தோட்டத்தை மூடிவிட்டார்கள், எல்லாரையும் கிளப்பிவிட்டார்கள்” என்று எழுதிப் பார்த்தால் அதுவும் நல்ல எழுத்துத் தமிழே. பாட்டிக்கும் பேத்திக்கும் இடையில் இருப்பது வழக்கு வேறுபாடன்று, தொடரமைப்பு வேறுபாடு. அது பொருள் வேறுபாடும் ஆகும் என்பதையே இக்கட்டுரையில் முன்வைக்க விழைகின்றோம்.

இருவருமே செய்தவரின் பெயரைச் சொல்லவில்லை என்பது முதலில் மனங்கொள்ளத்தக்கது. பாட்டியின் தொடரில் எழுவாய் இல்லை. ஆனால் வினைமுற்றின் ஈறு உயர்திணைப் பலர்பாலைக் காட்டி நிற்கின்றது. ‘மூடிவிட்டார்கள்’ என்ற மாத்திரத்திலேயே, மூடியவர் மனிதர் என்பதும் அவர் ‘நாம்’ அல்லர், ‘நீங்கள்’ அல்லர், வேறு சிலர் என்பதும் பெறப்படுகின்றன. நம் இலக்கண நூல்கள் இதனைத் தோன்றா எழுவாய் என்கின்றன. தோன்றவில்லை என்பதன் பொருள் இல்லை என்பதன்று. இருக்கின்றது, வெளிப்படவில்லை என்பதே. பேத்தியின் தொடரிலோ எழுவாய் உண்டு. ‘தோட்டம்’ என்பதே அது. வினைமுற்றும் அதனோடு இயைந்து ‘மூடப்பட்டது’ என அஃறிணை ஈறு பெறுகின்றது. மூடியவர்க்குரிய ஈறு தொடரில் எங்குமில்லை. ‘வெளியேற்றப்பட்டனர்’ என்பதில் மட்டும் ஓர் உயர்திணை ஈறு வருகின்றது. அதுவும் வெளியேற்றியவரைச் சுட்டாது, வெளியேறியவரையே சுட்டுகின்றது. பாட்டியின் தொடரைக் கேட்பவர் ‘யார்?’ என்று உடனே வினவுவார். பேத்தியின் தொடர் அவ்வினாவைத் தூண்டுவதில்லை. தொடர் நிறைவுற்றதாகவே தோன்றுகின்றது.

நாம் கற்பிக்கும் முறையில் இவ்விரண்டும் வெவ்வேறு பாடங்களாக நிற்கின்றன. எழுவாய், பயனிலை பற்றிய பாடத்தில் தோன்றா எழுவாயை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றோம். செய்வினை, செயப்பாட்டுவினை பற்றிய பாடத்தில், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பயிற்சியைத் தருகின்றோம். ‘ஐ’ உருபை நீக்குக, எழுவாயோடு ‘ஆல்’ உருபைச் சேர்க்க, வினையோடு ‘படு’ சேர்க்க, பொருள் மாறாது என்பது அப்பயிற்சியின் சூத்திரம். இதில் முதல் மூன்றும் சரி. நான்காவதுதான் நாம் மறுக்க விரும்புவது. ‘தாய் குழந்தையை முத்தமிட்டாள்’ என்பதை ‘தாயால் குழந்தை முத்தமிடப்பட்டது’ என மாற்றிய மாணவனுக்கு நாம் முழு மதிப்பெண் வழங்குகின்றோம். அத்தொடரை எந்தத் தாயும் எந்தக் குழந்தையும் எக்காலத்தும் பேசியிருக்க மாட்டார்கள். காவல் நிலைய அறிக்கையில் வேண்டுமானால் அதற்கு இடமிருக்கலாம். ‘ஆல்’ உருபும் அவ்வளவு எளிதில் செய்தவரைச் சுமப்பதில்லை. ‘என்னால்’ என்று தொடங்கினால் தமிழ்ச் செவி எதிர்பார்ப்பது ‘முடிந்தது’ அல்லது ‘முடியவில்லை’ என்பதையே. ‘என்னால் கண்ணாடி உடைந்தது’ என்றால் காரணம் நான் என்பது பொருள்; ‘கண்ணாடியை உடைத்தேன்’ என்றால் வினைமுதல் நான்; ‘கண்ணாடி உடைந்தது’ என்றால் அது தானே நிகழ்ந்ததுபோல் நிற்கும். உடைந்தது, உடைத்தது என ஒரே அடியிலிருந்து தன்வினையும் பிறவினையும் பிறக்கும் இம்மொழியில், பொறுப்பை எவ்வளவு ஏற்பது என்பதற்கு இத்தனை படிகள் உள்ளன. மாணவர்க்கோ நாம் ஒரே படியைக் காட்டிவிட்டு, ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றே என்கின்றோம்.

செயப்படுபொருளை முதலில் நிறுத்த வேண்டிய தேவை எழும்போது செயப்பாட்டுவினை இன்றியமையாதது என்று சிலர் வாதிடலாம். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அவ்வாதம் பெரிதும் பொருந்தும். அங்குச் சொல் நிற்கும் இடமே அதன் உறவைக் காட்டுவதால், செயப்படுபொருள் முன்னே வரவேண்டுமெனில் பெரும்பாலும் வினையின் வடிவம் மாறியாக வேண்டும். தமிழில் அவ்வுறவை ‘ஐ’ உருபு காட்டுகின்றது. ‘தோட்டத்தை மூடிவிட்டார்கள்’ என்னும்போது தோட்டம் முதலில்தான் நிற்கின்றது. பேச்சு தோட்டத்தைப் பற்றியதாகவே அமைகின்றது. மூடியவரும் தொடரை விட்டு நீங்கவில்லை. ஆங்கிலம் வேறு வழியின்றிக் கொடுக்கும் விலையை நாம் வழியிருந்தும் கொடுத்துக்கொண்டிருக்கின்றோம்.

செயப்பாட்டுவினை தமிழுக்கே அயலானது என்று நாம் கூறவில்லை. ‘எனப்படுவது’ என்னும் ஆட்சி திருக்குறளில் பலகாலும் வருகின்றது. அங்கே அவ்வாறு சொல்பவர் இன்னார் எனக் கேட்க வேண்டியதில்லை. சான்றோரும் உலகத்தாரும் என்பது தானே விளங்கும். தொல்காப்பியர் வினையியலில், செயப்படுபொருளையே செய்ததுபோலக் கூறுதலும் வழக்கின் மரபு என்கின்றார். உரையாசிரியர்கள் அதற்குத் திண்ணையே தன்னை மெழுகிக்கொண்டதுபோலச் சொல்லும் அன்றாடத் தொடரை எடுத்துக்காட்டுவர். திண்ணை தானே மெழுகிக்கொள்ளாது என்பது கேட்பவர் அனைவர்க்கும் தெரியும். மெழுகியவர் அவ்வீட்டில்தான் இருக்கின்றார். வேற்றுமை மயங்கியலில் அவர் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டியவற்றை எட்டாக வகுக்கின்றார். வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு என்பது, இது பயன் என்பது ஆகிய எட்டு. அடுத்த நூற்பாவிலேயே வழக்கினுள் குறையத் தகுவன குறையும் என்றும் கூறிவிடுகின்றார். குறைவதற்கு இசைவு தருமுன், முழுமை எது என்பதை எண்ணிக் காட்டிவிட்ட அவ்வொழுங்கு நமக்குப் பெரிதாகப் படுகின்றது. எட்டையும் அறிந்தவர் ஒன்றை விடுவதற்கும், ஒன்று உண்டு என்பதே அறியாமல் விடுவதற்கும் வேறுபாடு உண்டல்லவா?

‘படு’ ஒன்றே செயப்பாட்டுக்குரிய துணைவினை என்பதும் நாம் வளர்த்துக்கொண்ட குறுக்கம். ‘உண்’ இருந்தது, கட்டுண்டான், கொலையுண்டான் என்பவற்றில் இன்றும் இருக்கின்றது. ‘பெறு’ இருக்கின்றது. விருது வழங்கப்பெற்றது, நூல் வெளியிடப்பெற்றது என்று எழுதிய தலைமுறையினர், நன்மையாய் வந்ததையும் துன்பமாய் வந்ததையும் ஒரே வினையால் சொல்ல உடன்படாதவர்கள். இன்று ஆசிரியப் பணிக்கு ‘நியமிக்கப்பட்டேன்’ என்றே நாமெல்லாம் எழுதுகின்றோம். ‘கவலைப்பட்டேன்’ என்பதில் வரும் அதே ‘படு’ அது என்பதை எண்ணினால் சற்றுச் சிரிப்பு வரும். (பணிச்சுமையை அறிந்தவர்க்கு வராமலும் போகலாம்.)

மலேசியச் சூழலில் மலாய்மொழியின் தாக்கத்தைப் பேசாமல் இதனை முடிக்க இயலாது. எனினும் அதனைக் குற்றச்சாட்டாகப் பேசுவது நம் நோக்கமன்று. மலாயில் ‘டி’ முன்னொட்டுப் பெற்ற வினை மிக இயல்பானது. அன்றாடப் பேச்சிலும் அறிவிப்புப் பலகையிலும் செய்தியிலும் ஒருங்கே வழங்குவது. அங்கு அது விறைப்பான வடிவமன்று. மேலும், அம்மொழியின் இலக்கணம் ஒரு நுட்பமான வரையறையை வைத்திருக்கின்றது. செய்தவர் படர்க்கையாராயின் ‘டி’ வரும். தன்மையோ முன்னிலையோ ஆயின் அம்முன்னொட்டு வாராது; செய்தவரைக் குறிக்கும் பெயர் வினையடிக்கு முன்னே வந்து நிற்கும். ‘புக்கு இத்து சாயா பாச்சா’ என்பது அத்தகையது. நானோ நீயோ செய்திருந்தால் அச்செயலைச் செய்தவரைத் தொடருக்குள்ளேயே வைக்கின்றது அவ்விலக்கணம். அத்தொடரை ‘அந்நூல் என்னால் படிக்கப்பட்டது’ என்று பெயர்ப்பதைவிட ‘அந்நூலை நான் படித்தேன்’ என்று பெயர்ப்பதே அதன் உயிருக்கு நெருக்கமானது. நூல் முன்னே நிற்கின்றது, நானும் மறையவில்லை. நம் மாணவர் இந்நுட்பத்தை மலாய் வகுப்பில் கற்கின்றனர். தமிழ் வகுப்பில் ‘டி’ என்றால் ‘படு’ என்ற நேர் ஈட்டினையே கொண்டுவருகின்றனர். இரு மொழி வகுப்புகளையும் இணைத்துப் பேச அவர்களுக்கு யாரும் கற்பிப்பதில்லை. இது மாணவர் குறை அன்று.

இவ்வமைப்பு நம் வரலாற்றெழுத்தில் என்ன செய்கின்றது என்பதை நோக்க வேண்டும். ‘தமிழர்கள் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டனர்’ என்னும் தொடரைப் பள்ளிக் கட்டுரை முதல் மேடைப் பேச்சு வரை கேட்கின்றோம். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் மலாயாவில் சட்டப்படி ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள்சேர்ப்பு அதன்பின்னும் தொடர்ந்து, இந்திய அரசு 1938இல் விதித்த தடையோடு நின்றது. இவ்விரு முறைகளையும், தம் செலவில் கப்பலேறி வந்த வணிகரையும் எழுத்தரையும் ஒருங்கே ‘கொண்டுவரப்பட்டனர்’ என்ற ஒரு வினை விழுங்கிவிடுகின்றது. ‘வந்தனர்’ என்று மாற்றிவிட்டால் தீர்ந்ததா எனில், இல்லை. ஒப்பந்தத்தில் சிக்கியவரைப் பற்றி ‘வந்தனர்’ என்பது அவர்க்கு இல்லாத உரிமையை ஏற்றிச் சொல்வதாகும். அவர்களைப் பொறுத்தவரை செயப்பாட்டுவினை உண்மையின் ஒரு பாதியைச் சரியாகவே சொல்கின்றது. அவர்கள் வினைமுதல் அல்லர். மறுபாதியைத்தான் அது மறைக்கின்றது. கொண்டுவந்த தோட்ட உரிமையாளரும், அதற்குச் சட்டமும் நிதியும் வகுத்துக் கொடுத்த ஆங்கிலேய ஆட்சியும், ஊர்க்காரரையே அழைத்துவந்த கங்காணியும் தொடருக்கு வெளியே நின்றுகொள்கின்றனர். குடும்பங்களின் நினைவிலோ இத்தொடர் இல்லை. ‘எங்க தாத்தா ரஜூலா கப்பல்ல வந்தாரு’ என்பதே அங்கு வழங்குவது. தாத்தா அதில் எழுவாய். வறுமை துரத்திய நிலையிலும் முடிவெடுத்தவர் அவர். பாடநூல் நடை அவரைச் செயப்படுபொருளாக்குகின்றது.

செயப்பாட்டுவினை பழியை மட்டும் மறைப்பதில்லை. 1950களிலும் 60களிலும் வெள்ளையர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். அதற்கு எதிர்வினையாக 1960இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், பால்மரம் சீவிய தொழிலாளர்கள் தம் சிறு சேமிப்பைப் பங்காகச் செலுத்தித் தோட்டங்களை வாங்கினார்கள். மலேசியத் தமிழர் வரலாற்றில் தொழிலாளர் கம்பீரமாக எழுவாயாகி நிற்கும் தொடர்களுள் இது ஒன்று. அதனையும் ‘தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பின்னர்ச் சங்கத்தின்வழித் தோட்டங்கள் வாங்கப்பட்டன’ என்றே எழுதிக் கடந்துவிடுகின்றோம். விற்றவரும் வாங்கியவரும் ஒரே மௌனத்துக்குள் போய்விடுகின்றனர்.

செய்தவர் இன்னார் எனத் தெரியாத இடத்தில் செயப்பாட்டுவினையே நேர்மையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019 மார்ச்சில், ஸ்கூடாய் அடங்கிய அதே ஜொகூர் பாரு மாவட்டத்தில், பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கலந்து, 111 பள்ளிகளை மூடும்படி கல்வியமைச்சு ஆணையிட நேர்ந்தது. தொடக்க நாள்களில் ‘கழிவு கொட்டப்பட்டது’ என எழுதிய செய்தியாளர் தமக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினார், அது தக்கதே. அம்மாத இறுதிக்குள் சிலர் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டனர். இங்கு நாமும் ‘படு’வையே கையாள்கின்றோம், குற்றஞ்சாட்டுவது அரசுத் தரப்பு என்பது திண்ணை மெழுகிய கதையைப் போலச் சொல்லாமலே விளங்கும். ஆனால் அந்நிகழ்வைப் பற்றி இன்று கட்டுரை எழுதும் மாணவர் ‘யாரோ சிலர் கழிவைக் கொட்டினார்கள்’ என்றாவது தொடங்கலாம். ‘யாரோ’ என்பது அறியாமையை ஒப்புக்கொள்ளும் சொல். ‘கொட்டப்பட்டது’ அதை ஒப்புக்கொள்ளாமலே நகர்ந்துவிடும்.

ஆகவே கட்டுரை திருத்தும்போது ஒற்றுப் பிழைக்கும் மரபுப் பிழைக்கும் இடும் சிவப்புக் கோட்டோடு, ‘யார்?’ என்ற ஒற்றை வினாவையும் ஓரத்தில் எழுதுவது பயன்தரும் எனக் கருதுகின்றோம். மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியதில்லை. அது பிழையன்று; தெரிவு. தெரிவு செய்கின்றோம் என்பது மாணவர்க்குத் தெரிந்தால் போதும்.

ஸ்கூடாய் மாணவியின் தாளில் அவ்வினாவை எழுதித் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வாரம் அவர் பத்தியை மாற்றி எழுதிவந்தார். நீளம் இரட்டித்திருந்தது, ஒற்றுப் பிழைகள் முன்னிலும் மிகுந்திருந்தன. “தோட்டத்தை வாங்கிய நிறுவனம் எங்களை வெளியேறச் சொன்னது. கிராணி வீடு வீடாக வந்து கடிதம் கொடுத்தார். அதன் பெயர் பாட்டிக்கு ஞாபகம் இல்லை. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது” என்று தொடங்கியது அது. மூன்றாவது தொடரில் ‘அதன்’ என்பது நிறுவனத்தைச் சுட்டுகின்றதா, கடிதத்தைச் சுட்டுகின்றதா என்று ஆசிரியர் ஒருவர் வினவினார். நிறுவனத்தைத்தான் என்றார் மாணவி. ‘அந்நிறுவனத்தின்’ என்று தாமே அடித்தெழுதிக்கொண்டார்.