பொய் சொன்னவன் பக்கம்

சிமோன் த பூவாவின் 'மிக எளிதான ஒரு சாவு' என்ற சிறிய நூலை நான் இரண்டு தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை, கல்லூரி முடித்த புதிதில். பிரெஞ்சில் 1964இல் வந்த அதைப் பேட்ரிக் ஓப்ரையன் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அந்த மொழிபெயர்ப்பு நாலைந்து கை மாறி, அட்டை கிழிந்து என்னிடம் வந்து சேர்ந்தது. நண்பர்கள் நாலு பேர் கூடினால் எக்ஸிஸ்டென்ஷியலிசம் என்று பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. எந்த வயதில் வந்தாலும் சாவை இயல்பானது என்று ஏற்க முடியாது என்று நூலின் கடைசியில் பூவா வந்து சேரும் தீர்மானத்தின் அடியில் பென்சிலால் கோடு போட்டேன். நடுவிலுள்ள பக்கங்களில் கோடு எதுவும் இல்லை. அவற்றைத் தீர்மானத்துக்குப் போகிற வழி என்று மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது தடவை படித்தது 2017இல், என் அப்பா இறந்து இரண்டு மாதம் கழித்து. இந்தத் தடவை கடைசிப் பக்கம் என்னை ஒன்றும் செய்யவில்லை. நடுப் பக்கங்களைத்தான் தாண்ட முடியவில்லை. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இங்கே எழுத உத்தேசம்.

விஷயம் எளிமையானது. 1963 அக்டோபரில் பூவா ரோமில் இருக்கும்போது டெலிபோன் வருகிறது. பாரிஸில் தனியாக வசிக்கும் 77 வயதுத் தாயார் குளியலறையில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டுவிட்டார். விழுந்த இடத்திலிருந்து டெலிபோன் வரை தவழ்ந்து வர அவருக்கு இரண்டு மணி நேரம் பிடித்திருக்கிறது. எலும்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்த இடத்தில் குடலில் அடைப்பு இருப்பது தெரிகிறது. வயிற்றைத் திறந்தால் புற்றுநோய்க் கட்டி. தாயாரிடம் பெரிடோனைட்டிஸ், வயிற்று உறையில் அழற்சி, அதற்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கப்புறம் அவர் உயிரோடு இருந்த ஒரு மாதம் முழுவதும் இரண்டு பெண்களும் அந்தப் பொய்யைக் காப்பாற்றுகிறார்கள். தாயார் அதை நம்பிக் குணமாகப் போவதாகச் சந்தோஷப்படுகிறார்.

வாழ்நாள் முழுவதும் மனிதனின் சுதந்திரத்தைப் பற்றியும் தன்னை ஏமாற்றிக்கொள்வதன் கயமையைப் பற்றியும் எழுதிய ஒருவர், பெற்ற தாயை ஏமாற்றிக்கொண்டு படுக்கையருகே உட்கார்ந்திருக்கிறார். வீணாகச் சித்திரவதை செய்ய விடமாட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், டாக்டர் கேட்டதும் ஆபரேஷனுக்குத் தலையாட்டிவிடுகிறார். இதற்கு நியாயம் கற்பிக்கவும் இல்லை, மார்பில் அடித்துக்கொள்ளவும் இல்லை. நடந்தது இது என்று எழுதுகிறார். ஒரு இரவு தாயாரின் வாயைப் பற்றிச் சார்த்தரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது தன் வாய் தன் வசத்தில் இல்லாமல் தாயின் வாயைப் போலவே கோணிக்கொள்வதை அறிகிறார். அறிவு சம்மதிக்காததை உடம்பு செய்துவிடும் அந்த இடம், அவருடைய தத்துவ நூல்கள் எதிலும் எனக்குக் கிடைக்காதது.

சாகிறவனைச் சுற்றி நெய்யப்படும் பொய் இலக்கியத்துக்குப் புதிதல்ல. 1886இல் வந்த டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' முழுவதும் அதுதான். வீட்டில் எல்லோரும் பொய் சொல்கிறார்கள். வேலைக்காரன் கெராசிம் ஒருவன்தான் சொல்வதில்லை. வலி குறைய எஜமானின் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆனால் டால்ஸ்டாய் நிற்பது பொய்யைக் கேட்பவன் பக்கம். படிக்கிற நாமும் அவனோடு படுத்துக்கொண்டு மற்றவர்களை வெறுக்கிறோம். அந்த வெறுப்பு நமக்குச் சௌகரியமானது. பூவா அந்தச் சௌகரியத்தைத் தருவதில்லை. பொய் சொல்கிறவளின் பக்கத்திலிருந்து, கெராசிம் இல்லாத அறையில், எழுதுகிறார். அதில் ஒரு கலைஞனுக்கு வேண்டிய தைரியம் இருக்கிறது என்பது என் கட்சி.

நம்மிடம் வருவோம். தாயின் சாவு என்றால் நமக்குப் பட்டினத்தார்தான். தகனத்தின்போது பாடிய பத்துப் பாட்டுக்களையும் ஒப்பாரிபோல் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டுக்களின் சக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஐதீகத்தைக் கவனியுங்கள். துறவியாகப் போன மகன் நேராகச் சுடுகாட்டுக்கு வருகிறான். பச்சை வாழைமட்டையில் தீ எரிகிறது. அவள் எத்தனை நாள் படுத்திருந்தாள், யார் தண்ணீர் ஊற்றினார்கள், அவளிடம் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் கதையில் இல்லை. சாவுக்கு முந்திய நாட்களைத் தாண்டிக் குதித்து வந்துதான் நம் சோகம் ஆரம்பிக்கிறது.

நவீனத்துக்கு வந்தபிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. மௌனியிடம் சாவு பிரபஞ்சத்தின் சமாச்சாரம். நோய்ப்படுக்கையின் நாற்றம் அங்கே எட்டாது. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' பெரிய விதிவிலக்கு. பட்டணத்து ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவர் மனைவியின் நோய்க்கும் பிணத்துக்கும் நடுவே ஒற்றை ஆளாக நடமாடுவதை அவர் கண்ணை மூடிக்கொள்ளாமல் பார்த்தார். அதற்கப்புறம், நான் படித்த அளவில், பெற்றவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். அழுகிறார்கள், அல்லது அநித்தியம் என்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் என்ன செய்தோம் என்று சொல்கிறவர் குறைவு.

இது எழுத்தாளர்களின் கோழைத்தனம் மட்டுமல்ல. நம் வாழ்க்கையிலேயே அதற்கு ஏற்பாடு இருந்தது. காம்யுவின் 'அந்நியன்' 1942இல் வந்தது. தாய் இறந்துவிட்டாள் என்று முதியோர் விடுதியிலிருந்து மெர்சோவுக்குத் தந்தி வருவதில் அது தொடங்குகிறது. இன்றா நேற்றா என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை, இறந்தது தெரியும். நம் ஊரில் அப்படி ஒரு தந்தி வருவது அபூர்வம். 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்றுதான் வரும். அதைக் கையில் வாங்கியவனுக்கு அப்பா போய்விட்டார் என்று தெரியும். கொடுத்தவனுக்கும், இவனுக்குத் தெரியும் என்று தெரியும். ஆனாலும் ரயிலில் வருகிற அந்த ஓர் இரவு அப்பா உயிரோடு இருக்கலாம் என்று ஓர் இடம் விட்டுவைக்கப்படும். இதை வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது. இரண்டு தரப்பும் அறிந்த பொய்; ஒருவித மரியாதை.

என் அப்பா ஒரு சிறிய ஊர்த் தபாலாபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் தந்தி அடித்தவர். எத்தனை 'சீரியஸ்' அடித்திருப்பாரோ. வந்தவன் அழுதுகொண்டே ஃபாரத்தில் எழுதிக் கொடுப்பதை வாங்கி வார்த்தைகளை எண்ணிக் காசு சொல்வார். வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசமாட்டார்.

2017இல் அவருக்கு 79 வயது. கண் மஞ்சளாயிற்று. உடம்பெல்லாம் அரிப்பு. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து பத்து நாள் குடித்தார். ஸ்கானில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்றும் அது பித்தக்குழாயை அழுத்திக்கொண்டிருக்கிறது என்றும் தெரிந்தது. டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, அவரிடம் நான் சொல்லட்டுமா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டார். யாரும் சொல்ல வேண்டாம் என்றேன். அதைச் சொல்ல எனக்கு யோசனை தேவைப்படவில்லை. அன்றிலிருந்து 38 நாட்கள். அடைப்பு நீங்க ஒரு குழாய் வைத்தார்கள். அப்பாவிடம் காமாலை முற்றிவிட்டது, குழாய் வைத்தால் இறங்கிவிடும் என்றேன். அது பொய்கூட இல்லை. காமாலை நிஜம், குழாய் நிஜம். நிஜங்களை அடுக்கி ஒரு பொய்யைக் கட்டுவது எவ்வளவு சுலபம் என்பதை அப்போது கற்றுக்கொண்டேன். பூவாவின் தாயாருக்கும் பெரிடோனைட்டிஸ் உண்மையாகவே இருந்தது.

கடைசி வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"சித்தப்பாவுக்கு சீரியஸ்னு ஒரு தந்தி குடுத்துடுறா."

பிதற்றுகிறார் என்று நினைத்தேன். "தந்தியை நிறுத்தி நாலு வருஷம் ஆச்சேப்பா" என்றேன். 2013 ஜூலையில் தந்தி சர்வீஸ் முடிந்த அன்று அவரே பேப்பரைக் காட்டியிருக்கிறார்.

"தெரியும்டா. போன்ல சொல்லு. அந்த வார்த்தைய மட்டும் சொல்லு. அவனுக்குப் புரியும்."

வராந்தாவுக்கு வந்து சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். காமாலைதான், ஜுரம் கொஞ்சம் இருக்கிறது, அவசரமாகக் கிளம்ப வேண்டியதில்லை என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னிடம் சரியான பதில் கிடையாது. அந்த வார்த்தையை நான் சொன்னால் அது நடந்துவிடும் என்று பயந்தேன் போலிருக்கிறது. உள்ளே போய் அப்பாவிடம், "சொல்லிட்டேம்பா" என்றேன். அவர் தலையை அசைத்தார். ஐந்தாம் நாள் விடியற்காலை போய்விட்டார். சித்தப்பா வந்தபோது வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா தனக்குத் தெரியும் என்பதைத் தன் தொழில் பாஷையில் எனக்கு அறிவித்திருக்கிறார். தெரியும் என்று நேராகச் சொல்லி என் பொய்யை உடைக்காமல், அதே சமயம் அதில் என்னைத் தனியாக விட்டுவிடாமல். நான்தான் அந்தத் தந்தியைப் பெற்றுக்கொள்ளவில்லை. நோயாளியைக் காப்பாற்றுவதாக நினைத்து நாம் சொல்லும் பொய் ஒரு கட்டத்தில் நோயாளி நம்மைக் காப்பாற்றுவதாக மாறிவிடுகிறது. இவான் இலியிச் தன்னைச் சுற்றியுள்ளவர்களை வெறுத்தான். என் அப்பா வெறுக்கவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

இங்கிருந்து பார்க்கும்போது பூவாவின் நூலில் ஒரு குறை தெரிகிறது. அம்மா எதையும் அறியவில்லை, வஞ்சிக்கப்பட்டுத் தனிமையில் கிடந்தாள் என்ற முடிவில் அவர் நின்றுவிடுகிறார். அவ்வளவு பக்தியுள்ள தாயார் கடைசிவரை பாதிரியாரைக் கூப்பிடச் சொல்லவில்லை என்பதை அவரே குறிக்கிறார். அதற்குக் களைப்பைக் காரணம் காட்டி மேலே போகிறார். அங்கே ஏதோ சொல்லப்பட்டிருக்கலாம், பெண்ணுக்குக் கேட்காமல் போயிருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பாதிரியார் வந்தால் பெண்களின் பொய் கலைந்துவிடும் என்பதை அந்தத் தாய் உணர்ந்திருக்க முடியாதா? பூவா இதைக் கேட்டுக்கொள்வதில்லை. கடைசிப் பக்கங்களில் தனக்குப் பழக்கமான தளத்துக்கு, எல்லா மனிதர்களின் சாவுக்கும், திரும்பிவிடுகிறார். வாலிபத்தில் நான் கோடு போட்ட இடம் அதுதான். அந்த வாக்கியங்கள் வலுவானவை. ஆனால் அங்கே போனதும் பொய் சொன்னவள் மறைந்து சிந்தனையாளர் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

இந்தக் குறையைச் சொல்வதற்கான அளவுகோலையும் அந்த நூலின் நடுப் பக்கங்கள்தான் எனக்குக் கொடுத்தன. பொதுவார்டில் திரை மறைப்புக்குப் பின்னால் சாகிறவர்களோடு ஒப்பிட்டால் தன் தாயின் சாவு வசதியுள்ளவர்களின் சாவு என்று எழுதும் நேர்மை அவருக்கு இருந்தது. நம் கவிஞர்கள் அம்மாவைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் நிறைய எழுதுகிறார்கள். நல்ல கவிதைகளும் வருகின்றன. அவற்றில் பெற்றவர்களின் கை சுருங்கியிருக்கும், நாற்காலி காலியாக இருக்கும். எழுதுகிறவன் எப்போதும் இழந்தவனாகவே வருகிறான். அந்த நாட்களில் அவன் என்ன சொன்னான், எதைச் சொல்லாமல் விட்டான் என்பது கவிதைக்குள் நுழைவதில்லை. துக்கத்தில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவதால் நம் இரங்கல் எழுத்து இவ்வளவு மொண்ணையாக இருக்கிறது.

சித்தப்பாவுக்கு இப்போது 80 தாண்டிவிட்டது. அன்று வாசலில், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதாடா" என்று மட்டும் கேட்டார். அப்பா சொல்லச் சொன்ன வார்த்தை அதுதான் என்பதை அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அச்சானதும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போக வேண்டும்.