வயதுக்கு மீறிய குரல்: லியான் ரைம்ஸின் இசைவாழ்வு குறித்துச் சில கேள்விகள்

சிறு வயதிலேயே புகழடைந்த கலைஞர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு கதைகளில் ஒன்றைத்தான் எழுதுகிறார்கள். ஒன்று, வரம் பெற்றுப் பிறந்த பிள்ளையின் கதை. மற்றது, புகழால் சீரழிந்த பிள்ளையின் கதை. இரண்டிலுமே அந்தப் பிள்ளை செய்த வேலை காணாமற் போய்விடுகிறது. பாடுவது ஒரு வேலை. அதற்கு ஒப்பந்தம் உண்டு, வருமானம் உண்டு, முதலாளி உண்டு. அமெரிக்காவின் கன்ட்ரி இசைப் பாடகி லியான் ரைம்ஸின் வாழ்வை இந்தக் கண்கொண்டு பார்த்தால், வரம், சீரழிவு என்ற சொற்களுக்குள் அடங்காத சில கேள்விகள் எழுகின்றன.

ரைம்ஸ் 1982 ஓகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் பிறந்து, ரெக்சாஸ் மாநிலத்தில் வளர்ந்தவர். தந்தையே அவரது இசைத்தட்டுகளின் தயாரிப்பாளர். முகாமையாளர்களில் ஒருவரும் அவரே. 12 வயதில் கேர்ப் நிறுவனத்துடன் ஒப்பந்தம். 1996இல், 13 வயதில், 'புளூ' என்ற பாடல் அவரை நாடறியச் செய்தது. அதே பெயரில் வந்த தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 6 மில்லியன் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றைப் பெற்றது. 1997இல் சிறந்த புதுக்கலைஞருக்கான கிராமி விருதைப் பெற்றபோது அவருக்கு வயது 14. கன்ட்ரி இசையிலிருந்து ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதற்தடவை.

'புளூ' விற்கப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. அதை எழுதியவர் ரெக்சாஸ் வானொலி அறிவிப்பாளர் பில் மக். கன்ட்ரி இசையின் பெருங்குரல்களில் ஒன்றான பற்சி கிளைனுக்காக எழுதப்பட்ட பாடல் அது என்றும், 1963இல் தனது 30ஆவது வயதில் விமான விபத்தில் அவர் இறந்துபோனதால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சரியான குரலுக்காகக் காத்திருந்தது என்றும் கதை பரப்பப்பட்டது. உண்மையில் மக் அதை 1958இலேயே தானே பாடிப் பதிவுசெய்திருந்தார். பின்னர் வேறு சிலரும் பாடியிருந்தனர். ரைம்ஸே 1994இல் வெளியான 'ஆல் தட்' என்ற சிறு வெளியீட்டில் அதைப் பாடியிருந்தார். பாடல் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. காத்திருந்ததாகச் சொன்னால்தான் நன்றாக விற்கும். இறந்துபோன ஒரு பெண்ணின் வாரிசாக 13 வயதுச் சிறுமி சந்தைக்கு வந்தார். தனக்கென ஒரு குரல் இருக்கிறதா என்று தேடிப்பார்க்கும் வயதில், இன்னொருவரின் குரலைச் சுமக்கும் பொறுப்பு அவர் தலையில் ஏற்றப்பட்டது.

அவர் பாடவில்லை என்றோ, எல்லாம் விளம்பரம் என்றோ நான் சொல்ல வரவில்லை. 'புளூ'வைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மார்பிலிருந்து எழும் கனத்த குரல் சட்டென்று உடைந்து, தலைக்குரலுக்குத் தாவி, மீண்டும் கீழே இறங்குகிறது. சுவிஸில் வாழும் நண்பர்கள் மலைக்கிராம விழாக்களில் கேட்டிருக்கும் யோடலுக்கு உறவான உத்தி இது. கன்ட்ரி இசையில் இது 1920களிலிருந்தே உண்டு. சுருதி ஒரு நூலிழைகூட விலகாமல் இதைச் செய்வது எந்த வயதினருக்கும் எளிதல்ல. ஆனால் அந்த உடைப்பு எதைக் குறிக்கிறது? கைவிட்டுப்போனவனை எண்ணித் தனித்திருக்கும் பெண்ணின் விம்மலைக் குறிக்கிறது. ரைம்ஸ் விம்மலின் வடிவத்தைக் குறைவின்றிக் கற்றிருந்தார். விம்மலுக்கான காரணம் அவரிடம் இருக்கவில்லை, இருந்திருக்கவும் கூடாது. 'வயதுக்கு மீறிய குரல்' என்று விமர்சகர்கள் வியந்தது இந்த இடைவெளியைத்தான். வியந்தவர்கள் அந்த இடைவெளிக்குள் ஒரு சிறுமி நிற்கிறாள் என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இது ரைம்ஸோடு தொடங்கியதுமல்ல. 1972இல் ரான்யா ரக்கர் 'டெல்ரா டோன்' பாடியபோது அவருக்கு 13 வயது. அந்தப் பாடலின் நாயகியோ காதலனால் ஏமாற்றப்பட்டு மனம் பேதலித்த 41 வயதுப் பெண். 1974இல், 15 வயதில், ரக்கர் பாடிய இன்னொரு காதற்பாடலைச் சில வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தன. பாடலைத் தெரிவுசெய்த பெரியவர்களைவிடப் பாடிய சிறுமியே அதிகம் பேசப்பட்டார். குழந்தையின் வாயில் பெரியவர்களின் ஆசையையும் துயரத்தையும் வைத்து வேடிக்கை பார்ப்பது அத்துறையில் நெடுங்காலப் பழக்கம்.

ரைம்ஸின் வாழ்வில் இந்த முரண் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது 1997இல். அவ்வாண்டு பெப்ரவரியில் அவரது பழைய ஒலிப்பதிவுகள் ஒரு தொகுப்பாக வந்தன. அதன் துணைத்தலைப்பு 'ஆரம்ப ஆண்டுகள்' என்று பொருள்படுவது. 14 வயதுப் பிள்ளைக்கு ஆரம்ப ஆண்டுகள்! சிரிக்கத் தோன்றலாம். ஆனால் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதே ஆண்டு 'கொன் எயார்' என்ற திரைப்படத்துக்காக டயான் வாரன் எழுதிய 'ஹவ் டூ ஐ லிவ்' பாடலை ரைம்ஸ் பாடினார். இவ்வளவு ஆழமான காதலைச் சொல்ல இவருக்கு வயது போதாது என்ற எண்ணமும் சேர்ந்து, படத்துக்கு ரிஷா இயர்வூட் பாடிய வடிவம் எடுக்கப்பட்டது. இரண்டு வடிவங்களும் ஒரே நாளில் வெளியாகின. ரைம்ஸின் வடிவம் பில்போர்ட்டின் 100 பாடல்களுக்கான பட்டியலில் 69 வாரங்கள் நின்று அன்றைய சாதனையாகியது. கிராமி விருதோ இயர்வூட்டுக்குப் போனது.

ஒரு காதற்பாடலுக்கு வயது போதாது எனப்பட்ட அதே சிறுமி, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, தனது இளமைக்காலத்தின் பெரும்பகுதியைக் கட்டிவைக்கும் ஒப்பந்தத்துக்குள் வந்திருந்தார். அதற்கு வயது போதாது என்று அத்துறையில் எவரும் சொல்லவில்லை. 'வயது' என்பது அங்கே கொள்கையல்ல. தேவைக்கேற்ப நீட்டவும் குறுக்கவும் கூடிய அளவுகோல்.

2000ஆம் ஆண்டு மே மாதம் ரைம்ஸும் தாயாரும், தந்தை மீதும் முன்னாள் முகாமையாளர் ஒருவர் மீதும் வழக்குத் தொடுத்தனர். 7 மில்லியன் டொலருக்கு மேல் முறைகேடாக எடுக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. தந்தை மறுத்தார். அதே ஆண்டு இறுதியில், 12 வயதில் செய்யப்பட்ட ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கக் கோரி ரைம்ஸ் கேர்ப் நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2001 ஜனவரியில், நிறுவனம் 'ஐ நீட் யூ' என்ற தொகுப்பை வெளியிட்டது. தனது பங்களிப்பின்றித் தொகுக்கப்பட்டது அது என்று ரைம்ஸ் பகிரங்கமாகவே அதைக் கைகழுவினார். குரல் அவருடையது, எப்போது, எந்த வடிவில் அது வெளிவருவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவருடையதல்ல. அவ்வாண்டு இறுதியில் புதிய ஒப்பந்தத்துடன் நிறுவனத்தின் மீதான வழக்கு முடிந்தது. 2002இல் தந்தையுடனான வழக்கும் இணக்கத்துக்கு வந்தது.

இதற்கு ஒரு சட்டப் பின்னணி உண்டு. சாப்ளினின் 'த கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன், வளர்ந்த பின் தனது சம்பாத்தியத்தின் பெரும்பகுதி தாயாலும் வளர்ப்புத் தந்தையாலும் செலவிடப்பட்டதைக் கண்டு 1938இல் வழக்காடினார். அதன் விளைவாக 1939இல் கலிபோர்னியா, குழந்தைக் கலைஞர்களின் வருமானத்தில் ஒரு பங்கைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. அதே மாநிலத்தில் ஒரு தொழிலாளியைத் தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தில் 7 ஆண்டுகளுக்கு மேல் கட்டிவைக்க முடியாது. ஆனால் 1987இல் வந்த ஒரு திருத்தம், 7 ஆண்டுகளில் வெளியேறும் இசைத்தட்டுக் கலைஞரிடம், கொடுக்காத தொகுப்புகளுக்காக நிறுவனம் நட்டஈடு கேட்க வழிவிட்டது. 2001இல் இத்திருத்தம் குறித்துக் கலிபோர்னிய மாநில செனற் குழு நடத்திய விசாரணையில் டொன் ஹென்லி, கோட்னி லவ் ஆகியோருடன் ரைம்ஸும் சாட்சியமளித்தார். அப்போது அவருக்கு வயது 19. அவர் பெற்ற விருதுகளைப் பட்டியலிடுபவர்கள் இந்தச் சாட்சியத்தையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது எனது கருத்து.

மறுதரப்புக்கும் நியாயம் உண்டு. பிள்ளையின் திறமையை முதலில் கண்டவர் தந்தை. நிறுவனம் பணத்தைப் போட்டுத்தான் அவரை உலகறியச் செய்தது. பாடாதே என்று தடுத்திருந்தால் அதுவும் வன்முறைதானே என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பாட விடுவதும் விற்பதும் ஒன்றல்ல. பிள்ளை சார்பாகக் கையெழுத்திடுபவரே பிள்ளையின் வருமானத்தில் பங்கு பெறுபவராகவும் இருந்தால், பிள்ளை சார்பாக அங்கே பேச எவருமில்லை. பாசம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் இதுதான் நிலைமை.

பிற்கால ரைம்ஸைப் பற்றி அதிகம் எழுதப்பட்டது அவரது திருமண விவகாரங்களே. 2007இல் வந்த 'ஃபமிலி' தொகுப்பின் எல்லாப் பாடல்களையும் எழுதுவதில் அவர் பங்குகொண்டார் என்பது அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது. 25 வயதில்தான் ஒரு முழுத்தொகுப்பு அவரது சொந்த வாயிலிருந்து வந்தது. விற்பனை பழைய அளவில் இல்லை. பெரியவளின் குரலில் பாடிய சிறுமிக்குக் கிடைத்த செவிகள், தன் குரலில் பாடிய பெரியவளுக்குக் கிடைக்கவில்லை. இதைக் 'கலைஞரின் வீழ்ச்சி' என்று எழுதுகிறவர்கள் கேட்பவர்களின் ரசனையைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

நமது மண்டபங்களிலும் எட்டு வயதுப் பிள்ளைகள் பிரிவுத்துயர்ப் பாடல்களைப் பாடுகிறார்கள், நாமும் கண்கலங்குகிறோம். அங்கே மில்லியன்களோ ஒப்பந்தங்களோ கிடையாது. ஆனால் 'என்ன வயசு, என்ன குரல்!' என்ற அதே வியப்பு உண்டு. அந்தப் பிள்ளைக்குப் பாட விருப்பமா, இந்தப் பாட்டுத்தான் விருப்பமா, அடுத்த வருடமும் மேடையேற விருப்பமா என்று கேட்டுவிட்டுக் கைதட்டினால் பாட்டு ஒன்றும் குறைந்துவிடாது. வேண்டாம் என்று பிள்ளை சொன்னால், அந்த ஒரு மாலை நமக்குப் பாட்டுக் குறையலாம். அதை ஏற்கத் தயாராக இருக்கிறோமா என்பதே கேள்வி.