உழைப்பின் தாளம்: அம்பாப் பாடலும் நெடுந்தூர ஓட்டமும்

உழைக்கும் உடலுக்கும் இசைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஏற்றம் இறைப்போர், நாற்று நடுவோர், நெல் குற்றுவோர், தோணி வலிப்போர் ஆகிய யாவர்க்கும் தமிழிற் பாட்டு உண்டு. இவ்வரிசையில் அண்மையில் வந்து சேர்ந்தவர் நெடுந்தூர ஓட்டப் பயிற்சியாளர். காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு விடியற்காலையில் வீதிவழியே ஓடும் இளைஞரை இன்று யாண்டும் காணலாம். அவ்விசை அவர்க்குத் துணையா, தடையா என்பது வினா. இதற்கு விடை காணுமுன், உழைப்புக்குரிய பாட்டின் இயல்பு யாது என அறிதல் வேண்டும். அவ்வியல்பைக் காட்டும் உரைகல் ஒன்று புத்தளம் மாவட்டக் கரையிலேயே உண்டு. அஃது உடப்பு மீனவரின் அம்பாப் பாடலாகும்.

சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த தமிழ்க் கிராமம் உடப்பு. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பாற் பெயர்பெற்ற இவ்வூரின் பழந்தொழில் கரைவலை இழுத்தல். தோணியிற் கொண்டுசென்ற வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்து விடுவர். அதன் இருபுறக் கயிறுகளையும் கரையில் நிற்கும் ஈரணியினர் பற்றி இழுப்பர். மடி கரைசேர மணிக்கணக்காகும். அவ்வளவு நேரமும் அவர்தம் உடலை ஒருமுகப்படுத்துவது அம்பா. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடுவர். தெய்வ வணக்கமும் காதலும் நகையும் அதன் பொருளாக வரும்.

நாட்டார் பாடலைத் தொகுத்து அச்சிடுவோர் சிலர், ‘ஏலேலோ’ போன்ற ஒலிகளைப் பொருளற்ற நிரப்பிகள் எனக் கருதி நீக்கிவிடுகின்றனர். இது பெரும்பிழை. ஒருவர் பாடும் சொல்லடி மூச்சை நிறைத்துக்கொள்ளும் இடைவெளி. பலர் சேர்ந்து எழுப்பும் அவ்வொலியே கயிறு பின்வாங்கும் கணம். ஏட்டிற் பொருளற்றுக் கிடக்கும் ஒலியே கரையில் வேலையைச் செய்து முடிக்கின்றது. அதனை நீக்கிய பின் எஞ்சுவது செய்யுளாகலாம், அம்பா ஆகாது.

இன்னுமொன்று கருதத்தக்கது. அம்பாவின் கதியை விதிப்பவர் எவர்? அடியெடுத்துக் கொடுப்பவர் என்று தோன்றும். ஆயின், அவரும் இழுப்போரின் மூச்சையும் வலையின் பாரத்தையும் நோக்கியே கதியை அமைக்கின்றார். வலை தொலைவில் இருக்கையில் பாட்டு நிதானமாக நடக்கும். மடி கரையை நெருங்க விரையும். இசைவாணர் விளம்பம், மத்திமம், துரிதம் என வகுத்த முக்காலமும் இங்கே உழைப்பினின்றே பிறக்கின்றன. தொல்காப்பியர் செய்யுளியலிற் கூறிய 20 வண்ணங்களுள் தூங்கலும் முடுகும் இடம்பெற்றமை, ஓசையின் கதி வேறுபாட்டை நம் முன்னோர் நுண்ணிதின் உணர்ந்திருந்தமைக்குச் சான்று.

நெடுவழி செல்வோர்க்கும் தமிழர் தனிப்பாட்டு வகுத்தனர். வழிநடைச் சிந்து என்பது அதன் பெயர். 19ஆம் நூற்றாண்டில் அண்ணாமலை ரெட்டியார் பாடிய காவடிச் சிந்து, கழுகுமலை முருகனை நோக்கிக் காவடியுடன் நடப்போரின் அடிக்கு இசைந்தது. அம்பாவைப் போலவே இங்கும் பாட்டு நடப்போரின் வாயில் இருந்தது. வாய் பாடும், கால் அதற்கு இசையும், மூச்சு இரண்டையும் அளக்கும்.

இனி ஓட்டப் பயிற்சிக்கு வருவோம். 1979ஆம் ஆண்டு சோனி நிறுவனத்தின் வாக்மன் வெளிவந்த பின்னரே, ஓடுவோர் இசையை உடன்கொண்டு செல்லுதல் பெருவழக்காயிற்று. அதற்கு முன்னரே, 1970ஆம் ஆண்டு பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் எமது நாட்டு வீரர் எஸ். எல். பி. ரோசா 5,000, 10,000 மீற்றர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் வென்றார். எனவே, வெற்றிக்கு அக்கருவி இன்றியமையாததன்று. எனினும் அதன் பயனை மறுத்தலும் நேர்மையன்று. எத்தியோப்பிய வீரர் ஹைலி கெப்ரிசெலாசி 1998ஆம் ஆண்டு பர்மிங்காமில் உள்ளரங்க 2,000 மீற்றர் உலக சாதனையை நிலைநாட்டியபோது, அவர் விரும்பிய விரைவுப் பாட்டு அரங்கில் ஒலித்தது. மிதமான உழைப்பின்போது இசை களைப்புணர்வைக் குறைக்கின்றது என்பதும், உழைப்புக் கடுமையாகும்போது அவ்வாற்றல் தேய்கின்றது என்பதும் ஆய்வாளர் கண்ட முடிபுகள்.

இம்முடிபிலேயே ஓர் எச்சரிக்கை அடங்கியுள்ளது. மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். அதன் இறுதிப் பகுதியிலேயே களைப்புக் கடுமையாகும். இசையின் துணை மிக வேண்டப்படும் அவ்விடத்திலேயே அது கைவிடுகின்றது. மேலும், உலகத் தடகள விதிகள் போட்டிக்களத்தில் இத்தகைய கருவிகளைத் தடுக்கின்றன. அமெரிக்கத் தடகள அமைப்பு 2007ஆம் ஆண்டு வீதியோட்டங்களிலும் தடைவிதித்து, பின்னர் பட்டத்துக்கும் பரிசுக்கும் போட்டியிடாதோர்க்கு விலக்கு அளிக்க இடந்தந்தது. பயிற்சியிற் பழகிய ஊன்றுகோல் போட்டியிற் பறிக்கப்படுமாயின், அப்பயிற்சியாற் பெற்ற பயன் யாது?

அம்பா என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்க்கின் வேறுபாடு தெளிவாகும். அம்பா உழைப்போரிடமிருந்து கதியைப் பெறுகின்றது. ஒலிப்பதிவு ஓடுவோர்க்குக் கதியை விதிக்கின்றது. எதிர்க்காற்றும் மணலும் வெயிலும் அதற்குத் தெரியா. அம்பா பக்கத்தில் நிற்போரின் மூச்சைக் கேட்பிக்கின்றது. இயர்போன் தன் மூச்சையே மறைக்கின்றது. சிலாபம்–புத்தளம் பெருவீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர். மரதன் தூரத்திலும் சற்று நீண்டது. பேருந்தும் லொறியும் விரையும் அத்தகைய வீதியில் செவியை மூடி ஓடுதல் உயிருக்கே இடராகும்.

இன்று பல கரைகளில் வின்ச் பூட்டிய உழவு இயந்திரங்கள் வலையை இழுக்கின்றன. இயந்திரத்துக்குப் பாட்டு வேண்டா. ஆகவே அம்பா தொழிலை விட்டு மேடைக்கு ஏறுகின்றது. மேடையில் அதனைப் போற்றுதல் நன்றே. ஆயின், கயிறில்லாத இடத்தில் அதன் கதியை விதிப்பது கைதட்டலே. இவ்வகையில் மேடை அம்பாவும் ஓடுவோர் காதில் ஒலிக்கும் பதிவும் ஓரினமே: இரண்டும் உழைப்பினின்று பிரிந்த தாளங்கள்.

ஆதலின் எமது கல்லூரி ஓட்டக்காரர் இசையை முற்றாக விலக்க வேண்டுவதில்லை. பயிற்சிக்கு முன் ஊக்கத்துக்கும், பின் ஆறுதலுக்கும் பாட்டைக் கேட்கலாம். ஓடும்போதோ அது வாயில் இருத்தல் நன்று. மெல்ல ஓடும் நாளில் கூட ஓடுவோருடன் ஓரடி பாட முடிகின்றதா எனப் பார்க்க. முடியுமாயின் கதி அளவானது. முடியாதாயின் அது மிகுந்துவிட்டது. காதாற் கேட்போர் மூச்சை மறக்கின்றனர்; வாயாற் பாடுவோர் அதனை அளக்கின்றனர். உடப்புக் கரையில் வலையிழுத்தோர் அறிந்திருந்த உண்மை இதுவே.