டிராஃப்ட் டே: நல்ல பையனுக்கு என்ன விலை?

‘டிராஃப்ட் டே’ படத்தை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை பல்கலைக்கழக விடுதியில், ஏழு பேர் ஒரே மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு. எங்களில் ஒருவனுக்கும் அமெரிக்கக் காற்பந்தின் விதிகள் தெரியாது. “கையால தூக்கிட்டு ஓடுறானுங்க, இதுக்கு ஏன்டா காற்பந்துன்னு பேரு?” என்று கேட்டுச் சிரித்தோம். ஆனாலும் கடைசி இருபது நிமிடம் யாரும் எழுந்து போகவில்லை. இரண்டாவது முறை போன மாதம், தனியாகப் பார்த்தேன். இம்முறை படம் முடிந்தபோது எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலின் காரணத்தைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

படம் வெளிவந்தது 2014 ஏப்ரலில். இயக்குநர் ஐவன் ரைட்மேன். திரைக்கதை ராஜீவ் ஜோசப்பும் ஸ்காட் ராத்மேனும் எழுதியது. கதை ஒரே நாளில் நடக்கிறது. அமெரிக்காவின் என்.எஃப்.எல். லீக்கில் 32 அணிகள். ஆண்டுக்கு ஒருமுறை, பல்கலைக்கழகத்தில் ஆடிய இளைஞர்களை வரிசை போட்டு எடுத்துக்கொள்வார்கள். போன ஆண்டு மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. ஏழு சுற்றுகள். எந்த அணி தன்னை எடுக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை விளையாட்டாளருக்கு இல்லை. இந்த நாளுக்குப் பெயர்தான் டிராஃப்ட். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் மேலாளர் சன்னி வீவர் (கெவின் காஸ்ட்னர்) வரப்போகும் ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளை அடகு வைத்து முதலாவது தேர்வை வாங்கிவிடுகிறார். அதில் யாரை எடுப்பது என்பதுதான் கதை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் படம் போன் பேச்சுதான், ஆனாலும் சலிக்கவில்லை. திரையை இரண்டாகப் பிரித்து, ஒருவரின் உடல் கோட்டைத் தாண்டி மற்றவரின் பக்கத்துக்குள் நடந்து போவதுபோல ரைட்மேன் எடுத்திருக்கும் காட்சிகளில் பேரம் பேசுகிறவர்களின் படபடப்பு நமக்கும் தொற்றிக்கொள்கிறது. விதி தெரியாத ஏழு பேரை உட்கார வைத்தது அதுதான்.

பிரச்சினை, படம் மூன்று பையன்களை எடைபோடும் விதத்தில் இருக்கிறது.

முதலாமவன் போ கல்லாஹன். எல்லா அணிகளும் விரும்பும் குவார்ட்டர்பேக். அவனுடைய 21ஆவது பிறந்தநாள் விருந்துக்குச் சக ஆட்டக்காரர்கள் ஒருவரும் வரவில்லை என்று தெரிகிறது. சன்னி போனில் அதைப் பற்றிக் கேட்கிறார், பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை. இரண்டாமவன் வோன்டே மேக் (சாட்விக் போஸ்மேன்). ஆட்டத்தின் நடுவே பந்தைப் பார்வையாளர் வரிசையில் யாரிடமோ கொடுத்ததற்காக வெளியேற்றப்பட்டவன். பந்தை வாங்கியது நோயுற்ற அவனுடைய அக்காள் என்று பிறகு தெரிகிறது. மூன்றாமவன் ரே ஜென்னிங்ஸ். அடிதடி வழக்கில் கைதாகியிருந்தவன். அவன் அப்பா இதே அணியின் பழைய ஆட்டக்காரர். முடிவில் சன்னி மேக்கையும் ஜென்னிங்ஸையும் எடுக்கிறார். கல்லாஹன் ஆறாவது இடத்துக்குச் சரிகிறான். அவன் முகம் சுருங்குவதைக் கேமரா அருகில் போய்க் காட்டுகிறது. நாமும் சந்தோஷப்படுகிறோம்.

முதல் முறை நானும் சந்தோஷப்பட்டேன். ‘திமிர் பிடிச்சவன், அவனுக்கு வேணும்’ என்றுதான் தோன்றியது. ஆனால் கல்லாஹன் செய்த குற்றம் என்ன? விருந்துக்கு நண்பர்கள் வரவில்லை, அவ்வளவுதான். எனக்கு வேலையில் ஒரு இயந்திரத்தின் ஒரே ஒரு அளவீட்டை வைத்து அறிக்கை எழுதினால் மேற்பார்வையாளர் முகத்தில் எறிவார். படமோ ஒரே ஒரு இரவை வைத்து ஒரு மனிதனைக் குறித்து அறிக்கை எழுதுகிறது. கைதானவனை மட்டும் மன்னித்துவிடுகிறது, காரணம் அவன் நம் வீட்டுப் பையன். ஒழுக்கத்தைப் பற்றிய படம்போலத் தோன்றினாலும் உண்மையில் இது யாரை நமக்குப் பிடிக்கும் என்பதைப் பற்றிய படம். சன்னியின் உள்ளுணர்வு கடைசியில் சரியாகிவிடுகிறது, ஏனென்றால் திரைக்கதை அவர் பக்கம் இருக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. இந்த ஒழுக்கத் தேர்வுக்கு ஒரு விலைப்பட்டியல் உண்டு. படம் அதை நம் கண்ணில் படவிடுவதில்லை. 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டு ஆறு ஆண்டுக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார், அதில் 50 மில்லியன் உத்தரவாதம். அடுத்த ஆண்டே புதிய தொழிலாளர் ஒப்பந்தம் வந்து புதியவர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தது. 2011இல் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 22 மில்லியன்தான். அதுமுதல் தொகையைத் தீர்மானிப்பது பேரம் அல்ல, எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறாய் என்பது. படம் வந்த 2014ஆம் ஆண்டின் உண்மையான டிராஃப்டில் முதலாமவருக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 22 மில்லியன், ஆறாமவருக்குச் சுமார் 16 மில்லியன். கல்லாஹன் உண்மையான ஆளாக இருந்திருந்தால் அந்தப் பிறந்தநாள் விருந்து அவனுக்குச் சுமார் ஆறு மில்லியன் டாலர் செலவு வைத்திருக்கும். அந்தப் பணம் யாருக்கு மிச்சம் என்று படம் கேட்பதே இல்லை.

படம் வெளியாகி ஒரே மாதத்தில் நிஜ பிரவுன்ஸ் அணி ஜானி மான்ஸெலை 22ஆவது தேர்வாக எடுத்தது. விருந்துகளுக்கும் கொண்டாட்டங்களுக்கும் பேர்போன குவார்ட்டர்பேக். கற்பனையில் அப்படிப்பட்டவனைத் தவிர்த்த அதே அணி, நிஜத்தில் தெரிந்தே எடுத்தது. இரண்டு பருவங்களில் எல்லாம் முடிந்தது, 2016 மார்ச்சில் அணி அவரை விடுவித்தது. 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஆவணப்படத்தில் அவர் தன் போதைப் பழக்கத்தையும் தற்கொலைக்கு முயன்றதையும் தானே சொல்கிறார். ‘டிராஃப்ட் டே’யில் இல்லாதது அதில் இருக்கிறது: எடைபோடப்பட்டவனின் குரல். ‘ஒழுக்கக்கேடு’ என்று கோப்பில் எழுதப்பட்டது, அவன் வாயால் கேட்கும்போது நோயாகவும் பயமாகவும் இருக்கிறது.

லாரமி டன்சிலின் கதையும் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. 2016 டிராஃப்ட் தொடங்க சில நிமிடம் இருக்கையில், முகமூடி அணிந்து அவர் புகைக்கும் பழைய காணொளி அவருடைய டுவிட்டர் கணக்கிலேயே வெளியானது. முன்வரிசையில் போவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர் 13ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். அதே இரவில் அவருடைய குறுஞ்செய்திகளும் வெளியாயின. வீட்டு வாடகைக்கும் அம்மாவின் மின்கட்டணத்துக்கும் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை ஊழியரிடம் பணம் கேட்ட செய்திகள். ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்துப் பார்க்கும் ஆட்டத்தை ஆடியவன், மின்கட்டணத்துக்குக் கை நீட்டியிருக்கிறான். அன்று பேசப்பட்டது என்னவோ அவனுடைய ஒழுக்கம் மட்டும்தான். நான்கு ஆண்டு கழித்து அதே டன்சில் மூன்று ஆண்டுக்கு 66 மில்லியன் ஒப்பந்தம் போட்டார்.

2025இல் இது ஒப்பந்தத்தின் வாசகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. சின்சினாட்டி பெங்கால்ஸ் 17ஆவதாக எடுத்த ஷெமார் ஸ்டூவர்ட் ஜூலை இறுதிவரை கையெழுத்துப் போடவில்லை. சண்டை தொகையைப் பற்றியதல்ல. ஓர் ஆண்டில் விதி மீறினால் மீதி ஆண்டுகளின் உத்தரவாதத் தொகையும் ரத்தாகும் என்ற வரியைப் பற்றியது. தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்த்த ஒரு புதியவன். அவனைப் பற்றி எந்த ஹாலிவுட் படமும் வராது.

நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன். இருபத்து மூன்று வயதில், முதல் வேலைக்கு. இரண்டு ஆண்டு கட்டாயம், மீறினால் அபராதம் என்று எங்கோ இருந்தது. நேர்முகத்தில் “உங்க மேல போலீஸ் ரிப்போர்ட் ஏதும் இருக்கா?” என்று கேட்டார்கள். என்னோடு அன்று வந்த சீனக் கூட்டாளியிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. வெளியே வந்து மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது அதைச் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

இதைப் புகாராக மட்டும் சொல்லி முடிக்க எனக்கு உரிமையில்லை. இந்த ஆண்டு எங்கள் பிரிவுக்குப் பயிற்சி மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் இருந்தேன். ஒரு தமிழ்ப் பையன். பேப்பரில் நன்றாக இருந்தான். நான் அவனுடைய இன்ஸ்டாகிராமைத் தேடினேன். இரவில் மோட்டார் கூட்டத்தோடு ஒரு படம், கையில் ஏதோ சைகை. ஒரே ஒரு படம். வேறு யாருடைய பக்கத்தையும் நான் தேடவில்லை. என் பட்டியலில் அவன் முதலாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்குப் போனான். எங்களுக்குத் தேவை மூன்று பேர். “இவன் எப்படி?” என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். “கொஞ்சம் ரிஸ்க்கு லா” என்றேன்.

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். போனில் பிறந்தநாள் விருந்தைப் பற்றி சன்னி கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். சன்னியாவது பையனிடம் கேட்டார். நான் அதுவும் செய்யவில்லை.

நல்ல விளையாட்டுப் படங்கள் நிறைய இருக்கின்றன. ஆட்டத்துக்கு வெளியே ஓர் இளைஞன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை வைத்து அவன் விலையைக் குறைக்கும் மேசையை இவ்வளவு பக்கத்திலிருந்து காட்டியவை குறைவு. அதற்காகவே ‘டிராஃப்ட் டே’யைப் பார்க்கச் சொல்வேன். ஆனால் படம் உங்களை அந்த மேசையின் எந்தப் பக்கத்தில் உட்கார வைக்கிறது என்று கவனியுங்கள். நான் இரண்டு முறையும் காஸ்ட்னர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் இப்போது எங்கே பயிற்சி எடுக்கிறான் என்று எனக்குத் தெரியாது.