மறுக்கத் தெரிந்த துணைவன்: மேசை விளையாட்டும் கதைமாந்தர் ஆய்வும்

படிவம் ஐந்து மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன்: கம்பராமாயணத்தில் குகனின் பண்புநலன்களை விளக்குக. வந்த விடைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. அன்பானவன், பணிவானவன், விசுவாசமிக்கவன். தவறென்று சொல்ல முடியாது. ஆனால் குகன் பெயரை எடுத்துவிட்டு அனுமன் என்று போட்டாலும் விடை அப்படியே நிற்கும். துணைக் கதைமாந்தர் என்றாலே நாயகனுக்குப் பின்னால் வரும் நிழல் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். நாமும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோமோ என்னவோ.

அதே மாணவர்களில் நால்வர் சனிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ்டவுனில் ஒரு வீட்டில் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடுகிறார்கள். ஒருநாள் நானும் போய் உட்கார்ந்தேன். தெரியாத ஆசிரியர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974இல் வெளிவந்த விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருளும். பாத்திரத்தின் வலிமை, அறிவு எல்லாம் ஒரு தாளில் எண்களாக இருக்கும். அனுபவப் புள்ளி சேரச் சேர அதன் ‘நிலை’ உயரும்.

அன்று அவர்கள் எடுத்தது 1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த பழைய விதிநூல். விளக்குத் தூக்க ஒருவனைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். இருட்டுக் குகைக்குள் ‘நீ முதலில் போ’ என்றார்கள். நடத்துநர் பகடையை உருட்டிப் பார்த்துவிட்டு, அவன் போகமாட்டான் என்றார்.

“சார், காசு குடுத்துத்தானே கூட்டிட்டு வந்தோம், இவன் ஏன் போகமாட்டேங்கிறான்?”

இலக்கிய வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வராதா என்று எத்தனை வருடம் காத்திருந்திருக்கிறேன்!

அந்த விதி எளிமையானது. தலைவனின் ஆளுமைக் கவர்ச்சி எண் எவ்வளவு என்பதை வைத்தே அவன் எத்தனை துணைவரை வைத்துக்கொள்ளலாம், அவர்களுடைய மன உறுதி எவ்வளவு என்பவை முடிவாகும். எண் மிகக் குறைவாக 3 என்றால் ஒரே துணைவன், உறுதி 4. உச்சமான 18 என்றால் ஏழு துணைவர், உறுதி 10. நடுத்தர ஆளுக்கு நான்கு பேர், உறுதி 7. சோதனை வரும்போது இரண்டு பகடை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை உறுதி எண்ணைத் தாண்டினால் துணைவன் நிலைகுலைவான். உறுதி 7 என்றால், 36 வாய்ப்புகளில் 15இல் கைவிட்டுவிடுவான். நல்ல தலைவனுக்கும் (உறுதி 10) 36இல் 3 வாய்ப்பு மிஞ்சுகிறது. பயணம் முடிந்த பிறகு இன்னொரு சோதனை உண்டு. அதில் தவறினால் அந்தத் துணைவன் அந்தத் தலைவனிடம் மறுபடி வேலைக்கு வரவே மாட்டான்.

இந்த விதியில் எனக்குப் பிடிக்காத இடமும் இருக்கிறது. துணைவனுக்கு அனுபவப் புள்ளியில் பாதிப் பங்குதான். கட்டளைப்படி நடப்பவன் குறைவாகக் கற்கிறான் என்பது அதற்கான நியாயமாக இருக்கலாம். உயிரைப் பணயம் வைப்பதில் மட்டும் பாதி என்று யாரும் சொல்வதில்லையே!

இனிப் புதிய விதிக்கு வருவோம். 2020இல் வந்த ‘தாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ நூலில் துணைவர்கள் மூன்று வகை: போர்வீரர், வல்லுநர், மந்திரம் அறிந்தவர். குழுவின் சராசரி நிலை ஏறினால் இவர்களும் ஒரு நிலை ஏறுவார்கள். கணக்கு வைக்கும் தலைவலி இல்லை. ஆள் குறைவான மேசைக்கு இது உண்மையிலேயே உதவி, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துணைவன் என்ன செய்தான் என்று கேட்க அங்கே இடமில்லை. நாயகன் வளர்ந்தான், ஆகவே துணைவனும் வளர்ந்தான். நம் மாணவர்களின் விடைத்தாள் மாதிரியேதான்! (2014 நடத்துநர் கையேட்டில் விசுவாசத்துக்கு எண் வைக்கும் விதி ஒன்று உண்டு. அது விருப்பத்துக்கு உட்பட்டது.) பாத்திரத்தை உருவாக்கும் வகையில் 1981தான் மேல் என்பது என் கருத்து. மறுக்கும் வாய்ப்பு இருந்தால்தான் உடன்பாட்டுக்கு எடை வரும்.

கம்பனைத் திறந்து பாருங்கள். மழைக்காலம் முடிந்தும் சுக்கிரீவன் வாக்கு மறந்து கிடக்கிறான். இலக்குவன் கோபத்தோடு கிட்கிந்தைக்குப் போக வேண்டியிருக்கிறது. தாரை எதிர்கொண்டு சினம் தணிக்கிறாள். அதுவே உறுதிச் சோதனை. இராவணன் பக்கம் போனால் இன்னும் கூர்மை. ஒரே அண்ணன், இரண்டு தம்பியர். சீதையை விட்டுவிடு என்று இருவருமே சொல்கிறார்கள். இருவர் பேச்சும் எடுபடவில்லை. வீடணன் போய்விடுகிறான், கும்பகருணன் போருக்குப் போகிறான். போர்க்களத்தில் வீடணன் வந்து அழைத்தும் அவன் வர மறுக்கிறான். கும்பகருணனை ‘விசுவாசமானவன்’ என்று ஒரே சொல்லில் எழுதும் மாணவர் இந்த மறுப்பை எங்கே வைப்பார்?

வளர்ச்சிக்கு வருகிறேன். 1981 நூலில் ஒரு பொற்காசு மீட்டால் ஒரு புள்ளி. அனுபவத்தின் பெரும்பகுதி அப்படித்தான் வரும். நேர்மையான கணக்கு, ஆனால் கதைமாந்தர் ஆய்வுக்கு உதவாது. நமக்கு உதவுவது 1978இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’. அதில் பொதுவான ‘நிலை’ கிடையாது. எந்தத் திறனை நெருக்கடியில் பயன்படுத்தி வென்றாயோ அதற்கு நேரே ஒரு குறி. பயணம் முடிந்ததும் அந்தத் திறனின் சதவீதத்தைத் தாண்டிப் பகடை விழுந்தால்தான் அது உயரும். ஏற்கெனவே தேர்ந்தவனுக்கு உயர்வது கடினம், கற்றுக்குட்டிக்குச் சுலபம். வகுப்பறையில் நாம் தினமும் பார்ப்பதுதானே இது?

1985இல் கிரெக் ஸ்டாஃபோர்ட் எழுதிய ‘பெண்டிராகன்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் குணங்கள் பதின்மூன்று இணைகளாக இருக்கும். ஈகை எதிர் தன்னலம், வீரம் எதிர் கோழைத்தனம் என்பதைப் போல. ஒவ்வோர் இணையின் கூட்டும் 20. வீரம் 16 என்றால் கோழைத்தனம் 4. அந்த நான்கு எங்கும் போய்விடாது, ஒருநாள் தலைகாட்டும். ‘முதலில் கோழையாக இருந்தான், பிறகு வீரனானான்’ என்று வளர்ச்சியை எழுதும் மாணவர்களுக்கு இந்த நான்கைத்தான் காட்ட வேண்டும். விடைத்தாளில் எண் போடச் சொல்லவில்லை, திருத்துபவர் திகைத்துப் போவார். எந்தச் சம்பவத்தில் குணம் சோதிக்கப்பட்டது, எதிர்க்குணம் எவ்வளவு அருகில் வந்தது என்று சம்பவத்தைச் சுட்டி எழுதினால் போதும்.

விளக்குத் தூக்கிய ஆள் அந்தப் பயணத்தோடு போய்விட்டான். கடைசிச் சோதனையில் பகடை 9 விழுந்தது. அடுத்த வாரம் பள்ளியில், அவனைத் திரும்பக் கூப்பிட வழியிருக்கா சார் என்று ஒருவர் கேட்டார். விதிப்படி இல்லைம்மா என்றேன். குகன் விடையைத் திருத்தி எழுதிக் கொடுத்ததும் அதே மாணவிதான். இந்த முறை ‘விசுவாசமிக்கவன்’ என்பதை அடித்துவிட்டு, கங்கைக் கரைக்குப் படையோடு வந்த பரதனைத் தவறாகப் புரிந்துகொண்டு, இராமன் அருகில் இல்லாத நேரத்தில், யாரும் சொல்லாமலேயே குகன் போருக்கு எழுந்ததை ஒரு பத்தியாக எழுதியிருந்தார். அருகில் போய்ப் பரதனின் மரவுரியையும் துயரத்தையும் கண்டதும் தன் தவற்றை உணர்ந்தான் என்பதற்கு இன்னொரு பத்தி.

“இதுல அவன் ரெண்டு தடவை முடிவெடுக்கிறான் சார், ரெண்டும் அவனாவே எடுக்கிறான்” என்றார்.