கணவாயும் கலாசாலையும்

மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் சற்றே விலகி வழிவிடும் ஆரல்வாய்மொழிக் கணவாய், கிழக்கே வறண்ட செவற்காட்டுக்கும் மேற்கே நாஞ்சில் நாட்டு நன்செய்க்கும் நடுவே நெடுங்காலம் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் எல்லைவாசலாக நின்று, 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் போரின்போது கும்பினிப் படையால் உடைக்கப்பட்டு, 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு இணைந்ததும் எல்லை என்ற பெயரையே இழந்துவிட்டது. சர்வகலாசாலைகளின் எல்லை மட்டும் அதன் பிறகும் ஓய்ந்தபாடில்லை. 1893-ல் கல்லூரியாக உயர்ந்த நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, இருந்த இடத்தை விட்டு அசையாமலே, சென்னை, திருவிதாங்கூர், மறுபடியும் சென்னை, மதுரை, 1990 முதல் மனோன்மணீயம் சுந்தரனார் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஆளுகைக்கும் உட்பட்டு வந்திருக்கிறது.

மாணவர் தொகை பெருகப் பெருக, பழைய சர்வகலாசாலையிலிருந்து சில ஜில்லாக்களைப் பிரித்துப் புதியதொன்றை ஸ்தாபிப்பது தமிழ்நாட்டில் ஊறிப்போன வழக்கம். அதன் நன்மையைக் குறைத்துச் சொல்வது நன்றியின்மையாகும். பட்டச் சான்றுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் தலைநகரம்வரை அலைய வேண்டிய நிலை போயிற்று. தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுகிற கடற்கரைப் பெண்களும் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் அணுகக்கூடிய தொலைவுக்கு உயர்கல்வி வந்தது. ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் ஆசிரியராக விளங்கிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் பெயரைத் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்துக்குச் சூட்டியதும் அழகான காரியமே. ஆசிரியரின் பெயர் கணவாயைக் கடந்து கிழக்கே வந்துவிட்டது. வளாகம் கணவாய்க்கு மேற்கே வரவில்லை.

அவ்வளாகம் அமைந்த அபிஷேகப்பட்டி, ஆரல்வாய்மொழியிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில், திருநெல்வேலி நகரத்துக்கும் அப்பால் இருக்கிறது. தூரத்தை ஒரு குற்றமாக நான் எண்ணவில்லை. எந்த இடத்தைத் தேர்ந்தாலும் ஒருவருக்குத் தூரமாகத்தான் இருக்கும். இடத்தைத் தேர்வதற்கு நம் நாட்டில் வழங்கும் அளவுகோலைத்தான் ஐயுற வேண்டியிருக்கிறது. 1948-ல் நியமிக்கப்பட்ட ராதாகிருஷ்ணன் கமிஷன் கிராமியப் பல்கலைக்கழகங்களைப் பற்றி விரிவாக யோசித்தது. பின்வந்தவர்கள் அந்த யோசனையிலிருந்து கிராமத்தின் நிலத்தை எடுத்துக்கொண்டு கிராமத்தின் வாழ்வைப் பாடத்திட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டார்கள். பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு விதித்த நில அளவோ, நகரத்தில் குறைவாகவும் கிராமாந்தரத்தில் மிகுதியாகவும் இருந்தமையால், ஏக்கர் கணக்கைப் பூர்த்தி செய்வதே ஸ்தாபகர்களின் முதற்கவலை ஆயிற்று. நெடுஞ்சாலை ஓரங்களில் ஊரோடு ஒட்டாமல் எழுந்து நிற்கும் கட்டிடங்கள் பலவற்றுக்கும் அந்தக் கணக்கு ஒரு முக்கிய காரணம்.

ஆனால் இதே சர்வகலாசாலை, அதிக ஆரவாரமில்லாமல், வேறொரு வழியையும் காட்டியிருக்கிறது. கடல்சார் அறிவியலுக்கான மையத்தை அபிஷேகப்பட்டியில் வைத்துக்கொண்டு மாணவர்களை அவ்வப்போது கடற்கரைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லாமல், கன்னியாகுமரி ஜில்லாவின் இராஜாக்கமங்கலத்திலேயே அதை அமைத்தது. சூழலியல் மையத்தை மலையடிவாரத்து ஆழ்வார்குறிச்சியில் வைத்தது. ஆராயப்படும் பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்ற இந்தச் சாமானிய நியாயம், வளாக அபிவிருத்தியின் பொதுக் கொள்கையாக உயராமல் ஓரிரண்டு விதிவிலக்குகளோடு நின்றுபோனதைப் பெரிய குறையாகக் கருதுகிறேன். சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசீயக் காற்றாற்றல் நிறுவனமே தன் சோதனை நிலையத்தைக் கயத்தாற்றில் வைத்திருக்கிறது. காற்றைப் பள்ளிக்கரணைக்கு வரவழைக்க முடியாது என்பது அதற்குத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று இந்தக் கணவாயில் நெருக்குண்டு வேகங்கொண்டு பாய்வதனால் முப்பந்தல் வெளியெங்கும் காற்றாலைகள் நிறைந்திருக்கின்றன; அடுத்த தோவாளையில் பூ விவசாயமும் பூச்சந்தையும் ஒரு வட்டாரத்தின் ஜீவனமாக இருக்கின்றன; சற்று வடக்கே மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. மூன்று துறைகளுக்கும் நடுவில் ஒரு ரயில் நிலையத்தோடு இருக்கும் ஆரல்வாய்மொழியை, உயர்கல்வித் திட்டம் வகுத்தவர்கள் வழியில் தாண்டிப்போகும் ஊராக மட்டுமே பார்த்தார்கள்.

2020-ஆம் ஆண்டுத் தேசீயக் கல்விக் கொள்கை, 2030-க்குள் ஒவ்வொரு ஜில்லாவிலோ அதன் அருகிலோ பல்துறைப் பெருநிறுவனம் ஒன்றேனும் வேண்டும் என்கிறது. கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் பழைய முறை பதினைந்து ஆண்டுகளில் படிப்படியாக மறைய வேண்டும் என்றும் கூறுகிறது. இதன்மீது தமிழ்நாடு கொண்டுள்ள ஆட்சேபங்கள் வேறு விவகாரம். எனக்கு உறுத்துவது, ஜில்லாவை எண்ணும் பழக்கம் இங்கும் தொடர்வதே. மலைச்சரிவுகளுக்குப் பாதுகாப்பு விதிகளும், மேற்கே எஞ்சியுள்ள வயல்களும் உள்ள இக்கணவாய்ப் பிரதேசத்தில் நூறு ஏக்கர் வளாகம் கேட்பது தவறு. இங்கே ஓர் ஆராய்ச்சி மையத்துக்குக் காற்றை அளக்கும் ஒரு கோபுரம், சில அறைகள், மாணவர் தங்க ஒரு விடுதி என்ற அளவே போதும். அதைத் தீர்மானிக்க உயர்கல்வித் துறையும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் ஒரே வரைபடத்தைப் பார்த்துப் பேச வேண்டும். இன்றோ முன்னது இடத்தை முடிவு செய்த பிறகுதான், கட்டிட அனுமதி கோரும் மனுவாக, விஷயம் பின்னதின் மேஜைக்கு வருகிறது.